ஜிப்ஸிக்கு நீங்களே பட்டை மாற்றலாம்

மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்த வண்டி. நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்தான் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது), சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் கிடையாது. அதனால் ஜாக்கி, ஸ்டாண்டு, நல்ல ரிங் ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே இந்த வேலையை முடிக்கலாம்.

முதலில் பட்டை உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். காலி வண்டியிலேயே பட்டை நேராகக் கிடந்தாலோ, சேஸில் இருக்கும் பம்ப் ரப்பர் (ஆக்சில் மேலே வந்து மோதும் ரப்பர் கட்டை) அடிவாங்கித் தேய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பட்டறையில் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், செலவும் குறைவு, ஆனால் களைத்துப்போன இரும்பு சீக்கிரமே பழையபடி படுத்துவிடும். அடுக்கில் கூட ஒரு பட்டை சேர்த்தால் வண்டி உயரும், ஆனால் ஜிப்ஸி ஏற்கெனவே குலுக்குகிற குலுக்கலில் இது வேறா?

வாங்கும்போது ஜோடியாக வாங்குங்கள், இடது புதுசு வலது பழசு என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும். புஷ் (பட்டை முனைக்குள் இருக்கும் ரப்பர்), யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டும் U வடிவ போல்ட்), நட்டு எல்லாம் புதுசாகவே போடுங்கள். பழைய யூ போல்ட் ஒருமுறை இழுபட்டது, மறுபடி நம்ப முடியாது.

முந்தின நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். சாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைத்து ஆடவிடும் இணைப்பு) போல்ட் புஷ்ஷுக்குள் இருக்கும் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், சுத்தியலுக்கும் வராவிட்டால் கிரைண்டரில் அறுக்க வேண்டிவரும். பின்பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அங்கே கேஸ் கட்டர் வேண்டவே வேண்டாம். கிரைண்டர் பொறி பறக்காமலும் மறைப்பு வையுங்கள்.

பின்பக்கத்திலிருந்து தொடங்குவது சுலபம். முன்வீலுக்குக் கட்டை போட்டு, சேஸைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, வீலைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கே கொடுத்துத் தாங்க வேண்டும், பட்டைக்கு அடியில் கொடுத்தால் கழற்றவே முடியாது. ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டைக் கழற்றி, யூ போல்ட்டையும் அடித்தகட்டையும் எடுத்து, இரு முனை போல்ட்டையும் உருவினால் பட்டை கையோடு வந்துவிடும். கனமாக இருக்கும், கூட ஒரு ஆள் இருக்கட்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிற அளவுக்கு ஆக்சிலைத் தொங்கவிடாதீர்கள். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம், இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் இஷ்டத்துக்கு உருண்டு உயிரை வாங்கும்.

புதுப் பட்டையில் சாக்கிள் இல்லாத முனையை முதலில் மாட்டுங்கள், அப்புறம் சாக்கிள். இரண்டையும் கையால் முறுக்குகிற அளவோடு நிறுத்துங்கள். ஜாக்கியால் ஆக்சிலை மெல்ல இறக்கி, சென்டர் போல்ட்டின் (பட்டை அடுக்கை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட்) தலை ஆக்சில் மேடையிலுள்ள ஓட்டைக்குள் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். அது உட்காராமல் யூ போல்ட்டை முறுக்கினால் ஆக்சில் கோணலாகி வண்டி ஒரு பக்கமாகவே ஓடும். யூ போல்ட்டின் நான்கு நட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பல மெக்கானிக்குகள் அவசரத்தில் விடுகிற இடம் அடுத்து வருகிறது. இருமுனை போல்ட்டையும் வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் பட்டை நிமிர, புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழிந்து கடகடவென்று சத்தம் வரும். அதனால் வீல் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நாலு தடவை குலுக்கிவிட்டு, அதன் பிறகு முழுசாக இறுக்குங்கள்.

முன்பக்கமும் இதே வேலைதான், சாக்கிள் மட்டும் முன்முனையில் இருக்கும். வண்டி உயர்ந்ததும் ஸ்டியரிங் நேராக நிற்காமல் திரும்பியிருந்தால் பதறவேண்டாம், டிராக் லிங்கில் (ஸ்டியரிங்கின் அசைவை வீலுக்குக் கொண்டுபோகும் கம்பி) சரிசெய்துகொள்ளலாம். ஹெட்லைட் உயரத்தையும் பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், புதுப் பட்டை அமரும்போது அது கட்டாயம் தளரும்.