தாடை மூட்டு வலிக்கு முதல் மருந்து: பற்களைப் பிரித்து வையுங்கள்

பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் தாடை வலி என்று வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே காது டாக்டரைப் பார்த்திருப்பார்கள். காதில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார், வலி மட்டும் போயிருக்காது. தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஒரு உருண்டை முன்னும் பின்னும் நகரும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதன் மேல் குருத்தெலும்பு போன்ற மெல்லிய தட்டு ஒன்று உண்டு. இடம் நழுவிய தட்டு, வாய் திறக்கையில் திரும்பப் பொருந்தும்போது ‘டக்’ என்று கேட்கும். வலியோ பிடிப்போ இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் சிகிச்சையே தேவையில்லை.

பெரும்பாலானவர்களுக்கு வலிப்பது தசைதான். கன்னத்தில் கை வைத்துப் பல்லைக் கடித்தால் புடைக்குமே, அந்தத் தசை. காலையில் எழும்போதே தாடை இறுகியிருந்தால் இரவில் பல் கடிக்கிறீர்களோ என்று சந்தேகிக்கலாம். மாலையில் வலி கூடினால் பகலில் கவனியுங்கள். இதைப் படிக்கும் இந்த நிமிடம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொட வேண்டியதில்லை. உதடுகள் மூடி, பற்கள் சற்றே விலகி, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் லேசாகப் படிந்திருக்க வேண்டும். போனை எடுக்கும்போதெல்லாம் இதைச் சரிபாருங்கள். நான் சொல்லித்தருவதில் அதிகம் பலன் தருவது இதுதான், ஆனால் பலரும் பாதியில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கூடவே சில வாரங்களுக்கு மென்மையான உணவு, சிறு கவளம். சூயிங்கம் வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியால் கன்னத்தில் 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வந்தால் நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொள்ளுங்கள், வாய் அளவுக்கு மீறித் திறக்காது. அப்புறம் பயிற்சி: நாக்கு நுனியை அண்ணத்திலேயே வைத்தபடி, கண்ணாடி பார்த்து, தாடை ஒரு பக்கம் கோணாமல் மெல்லத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு 6 முறை, நாளுக்குச் சில தடவை. வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்து மாட்டும் உறை உதவலாம். ஆனால் தாடை வலிக்காக நல்ல பல்லை ராவவோ கம்பி கட்டவோ யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. எளிய வைத்தியத்திலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நுழையும் அளவுக்கு, ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், வாய் திறக்க வேண்டும். திடீரென அது பாதியானால் தட்டு சிக்கியிருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். திறந்த வாய் மூடவே இல்லையென்றால் நீங்களாகத் தள்ளிப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்கும்போது தாடை வலித்து நின்றால் குறைகிறதா? நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ சேர்கிறதா? அது இதயமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 50 வயதுக்கு மேல், மெல்லும்போது தாடை வலியோடு புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலை ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே போய்விடக்கூடும்.