கணக்கை வைத்துக் கொலைக்கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

5, 4, 2, 9, 8, 6, 7, 3, 1. இந்த எண்கள் எந்த வரிசையில் நிற்கின்றன?

2007-ல் ஸ்பெயினில் எடுக்கப்பட்ட ‘ஃபெர்மாட்டின் அறை’ படத்தில், கணித மேதைகள் சிலருக்கு வரும் புதிர் இது. விடை கண்டவர்களுக்கு ஒரு விருந்துக்கு அழைப்பு வருகிறது. போய்ச் சேர்ந்த அறையின் கதவு பூட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்து புதிர்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்தான் அவகாசம். அதற்குள் விடை போகாவிட்டால் நான்கு சுவர்களும் உள்ளே நகரத் தொடங்கும். தங்களைக் கொல்ல நினைப்பவர் யார், ஏன் என்பதை அவர்கள் அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த எண்களை ஒரு தமிழ்க் குறும்படத்தின் திரைக்கதையில் அப்படியே பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அவை ஸ்பானிய அகரவரிசையில் நிற்பவை: சிங்கோ, குவாத்ரோ, தோஸ், நுவேவே என்று போகும். தமிழில் அந்த வரிசைக்கு அர்த்தமே இல்லை. நம் அகரவரிசைப்படி எழுதினால் ஆறு, இரண்டு, எட்டு, ஏழு, ஐந்து, ஒன்பது, ஒன்று, நான்கு, மூன்று என்று வரும். அதாவது 6, 2, 8, 7, 5, 9, 1, 4, 3. எழுதிப் பாருங்கள், ஒன்பதும் ஒன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கும். பகரம் றகரத்துக்கு முன்னால் வருவதால் ஒன்பது முந்திக்கொள்கிறது. தமிழ் படித்தவருக்கு மட்டும் பிடிபடக்கூடிய நல்ல புதிர் இது. பத்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்தத் திரைக்கதைக்கே சொந்தமாகியிருக்கும். புதிரைக் கடன் வாங்கலாம், ஆனால் அது எந்த மொழியில் நிற்கிறது, எந்த வீட்டில் நடக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. வெளியே மூன்று சுவிட்ச், மூடிய அறைக்குள் ஒரு பல்ப், ஒரே ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்து எந்த சுவிட்ச் அதற்குரியது என்று சொல்ல வேண்டும் என்ற பழைய புதிரும் அப்படித்தான். பல்பைத் தொட்டுச் சூடு பார்ப்பதுதான் அதன் விடை. குண்டு பல்ப் இருந்த காலத்தில் அது சரி. எல்.இ.டி. மாட்டிய வீட்டில் அந்தக் காட்சியை வைத்தால் யாராவது எழுந்து கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

‘ஃபெர்மாட்டின் அறை’யிலும் எனக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருப்பவர்கள் கணித அறிஞர்கள், வரும் புதிர்களோ பள்ளிப் புத்தகத்தின் ஓரத்தில் காணக் கிடைப்பவை. மூன்று பெட்டிகள், ஒன்றில் ஒருவகை மிட்டாய், இன்னொன்றில் வேறுவகை, மூன்றாவதில் இரண்டும் கலந்தது, மூன்றிலும் பெயர்ச்சீட்டு மாறியிருக்கிறது, ஒரே ஒரு மிட்டாய் எடுத்துப் பார்த்து எதில் எது என்று சொல்ல வேண்டும். ‘கலவை’ என்று ஒட்டியிருக்கும் பெட்டியில் கையை விட்டால் முடிந்தது. மேதைக்கு இதில் வியர்க்கிறது என்று காட்டினால், பார்ப்பவர் அவரை மேதை என்று நம்ப மாட்டார். படம் தப்பிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. புதிருக்கு விடை தேடும் அதே நிமிடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள், சுவரையும் தடுக்கிறார்கள். கஷ்டம் சூழ்நிலையில் இருக்கிறது. உங்கள் கதையில் அந்தச் சூழ்நிலை இல்லையென்றால் எளிய புதிரை மேதையின் கையில் கொடுக்காதீர்கள். அதே வீட்டுச் சிறுமியின் கையில் கொடுங்கள், காட்சி நிற்கும்.

அதிகம் பேர் சறுக்குவது எண்தொடரில்தான். கொலைகாரன் ஒவ்வொரு சடலத்தின் அருகிலும் ஓர் எண்ணை விட்டுப் போகிறான்: 1, 2, 4, 8, 16. துப்பறிபவர் “அடுத்தது 32!” என்று எழுந்து ஓடுகிறார். ஏன் 32? ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோடுகளால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, ஐந்து புள்ளிக்கு 16. ஆறு புள்ளிக்கு 31. 32 இல்லை! எந்தத் தொடரையும் ஏதாவதொரு விதியால் எப்படியும் நீட்டிவிட முடியும். 2008-ல் வந்த ‘ஆக்ஸ்ஃபோர்டு கொலைகள்’ இந்தச் சிக்கலையே கதையாக்கியது. அதன் மூல நாவலை எழுதிய கியேர்மோ மார்த்தினேஸ் கணித தர்க்கத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு வட்டம், பிறகு மீன்போல ஒரு வடிவம், பிறகு முக்கோணம் என்று குறிகள் வந்துகொண்டே இருக்க, அடுத்தது என்ன என்று எல்லோரும் தேடுகிறார்கள். அந்தத் தேடலே அவர்களை எங்கே கொண்டுபோய்விடுகிறது என்பதைப் படத்திலேயே பாருங்கள். உங்கள் கதையில் தொடர் வைத்தே ஆக வேண்டுமென்றால், இந்த விதிதான், வேறு இல்லை என்று முடிவாகும் ஒரு தடயத்தைக் கொலைகாரன் முன்பே விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் துப்பறிபவர் ஊகத்தில்தான் ஓடுகிறார்.

தகவல் போதுமா என்பதும் இதே வகைச் சிக்கல். ஒருவருக்கு மூன்று மகள்கள், வயதுகளைப் பெருக்கினால் 36, கூட்டினால் எதிர்வீட்டு எண், ஆளுக்கு என்ன வயது? விடை சொல்ல வேண்டியவர் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு “இன்னும் ஒரு தகவல் வேண்டும்” என்கிறார். “மூத்தவள் பியானோ வாசிக்கிறாள்” என்று பதில் வருகிறது, உடனே விடை சொல்லிவிடுகிறார். இந்தப் புதிரின் அழகு அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. 36-ஐ மூன்றாகப் பிரிக்க எட்டு வழிகள். அவற்றில் 2, 2, 9 என்பதும் 1, 6, 6 என்பதும் மட்டும் ஒரே கூட்டுத்தொகையைத் தருகின்றன, 13. அவர் தயங்கினார் என்றாலே வீட்டு எண் 13 என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ‘மூத்தவள்’ என்று ஒருத்தி இருப்பதால் 2, 2, 9. இரட்டையரிலும் சில நிமிடம் மூத்தவள் உண்டே என்பது நியாயமான கேள்வி, வசனத்தில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஒருவரின் மௌனமே தடயமாவது கொலைக்கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது! பலர் இந்தப் புதிரைச் சுருக்கும்போது வெட்டி எறிவதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

நிகழ்தகவை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் காட்சி எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது திரையோடு நிற்கும் தவறு இல்லை. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் கைக்குழந்தைகள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமின்றித் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று, இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதாலேயே பெருக்கி ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று நீதிமன்றத்தில் ஒரு மருத்துவ நிபுணர் சொன்னார். 1999-ல் குழந்தைகளைக் கொன்றதாக அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை. அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள். ஒரே வீடு, ஒரே மரபணு. முதல் மரணத்துக்கும் இரண்டாவதற்கும் தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொண்டு பெருக்கியது ஒன்று. அரிய நிகழ்ச்சி என்பதாலேயே அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பும் அவ்வளவுதான் என்று எண்ணவைத்தது இன்னொன்று. ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக அரிதுதானே? இரண்டில் எது அதிக அரிது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். அரச புள்ளியியல் கழகம் வெளிப்படையாகக் கண்டித்தது. முக்கியமான ஒரு மருத்துவச் சோதனை முடிவு மறைக்கப்பட்டதும் வெளிவந்து, 2003-ல் அவர் விடுதலையானார். நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். “இது தற்செயலாக நடக்க கோடியில் ஒரு வாய்ப்புதான், ஆகவே இவன்தான்” என்று உங்கள் துப்பறிபவர் சொல்லும் வசனத்தை எழுதும்போது அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது, அந்த வசனத்தைச் சொன்னவரே தவறு செய்தார் என்று கதையைத் திருப்புங்கள்.

கணித தர்க்க அறிஞர் கோடெலின் பெயரை இழுக்காமல் இருந்தால் நல்லது. குறிப்பிட்ட வகைக் கணித அமைப்புகளுக்குள் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் உண்டு என்பதே அவர் 1931-ல் காட்டியது. உண்மை என்றே ஒன்று கிடையாது என்று அவர் சொல்லவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, சரியாகச் செய்த ஒன்றையும் காட்ட வேண்டும். ஹிகாஷினோ கெய்கோவின் நாவலிலிருந்து 2008-ல் ஜப்பானில் எடுத்த ‘சஸ்பெக்ட் எக்ஸ்’ படத்தில் கரும்பலகைச் சூத்திரங்கள் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் குற்றத்தை மறைக்க முன்வருகிறார் ஒரு பள்ளிக் கணக்கு ஆசிரியர். தேர்வுத்தாள் தயாரிப்பதைப் பற்றி அவர் சாதாரணமாக ஒன்று சொல்கிறார்: பார்க்க வடிவியல் கணக்குபோல இருக்கும், உண்மையில் அது சார்புகள் (functions) பற்றிய கணக்கு, மாணவர் தன் முன்முடிவால் அதைப் பார்க்கத் தவறுவார். போலீஸ்காரர்கள் ஒவ்வொரு சாட்சியத்தையும் சரிபார்க்கிறார்கள், எல்லாம் சரியாகவே இருக்கிறது. அவர்கள் போடுவது வேறு கணக்கு.