சார்ட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போன பாட்டுகளைத் தேடிப் பிடிக்கிறது எப்படி?

பழைய இங்கிலீஷ் பாப் கேக்குற நம்மள்ல பாதிப்பேரு அதே முப்பது நாப்பது பாட்டையேதான் திருப்பித் திருப்பி கேட்டுட்டு இருக்கோம், ஏன்னா ரேடியோவும் சரி ஸ்ட்ரீமிங் ஆப்பும் சரி, அன்னிக்கு ஹிட்டானதைத்தான் இன்னிக்கும் தூக்கி முன்னாடி வைக்குது. ஹிட்டுக்கு ரெண்டு படி கீழ நின்னுபோன பாட்டுன்னு தனியா ஒரு உலகமே கெடக்கு. அதுக்குள்ள எப்படிப் போறதுன்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்றேன். வேணுங்கிறது நெட் கனெக்‌ஷன், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அப்புறம் கொஞ்சம் பொறுமை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "மறக்கப்பட்ட அருமையான பாட்டுகள்"னு தேடினா வர்ற லிஸ்ட்டுகளை விட்ருங்க, பெரும்பாலும் ஒருத்தர் லிஸ்ட்டை இன்னொருத்தர் காப்பி அடிச்சதுதான். பாட்டைத் தேடாம, அது ஏன் தவறிச்சுங்கிற காரணத்தைத் தேடுங்க. பாட்டு மோசமா இருந்ததால தோத்ததும் நெறைய இருக்கு, அதெல்லாம் நமக்கு வேணாம். பாட்டுல குறையில்லாம வேற எங்கயோ இடிச்சு நின்னுச்சு பாருங்க, அதுதான் வேணும்.

படி 1: கோடு போடுங்க

"ஜஸ்ட் மிஸ்"னா எவ்ளோ மிஸ்? அதை முடிவு பண்ணாம இறங்கினா தொலைஞ்சு போவீங்க. அமெரிக்கான்னா பில்போர்டு பத்திரிகை வாரா வாரம் போடுற முதல் நூறு பாட்டு லிஸ்ட், அதாவது ஹாட் 100 சார்ட், இது 1958 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் ஜூன்ல அதுக்குக் கீழ "பப்ளிங் அண்டர்"னு இன்னொரு குட்டி லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க, 101-வது இடத்துலேர்ந்து தொடங்கும், நூறுக்குள்ள நுழையப் பாத்துட்டு இருக்குற பாட்டுங்க. 1985-ல நிறுத்திட்டு 1992 கடைசில 25 இடத்தோட திரும்பக் கொண்டு வந்தாங்க. நமக்கு இதுதான் சுரங்கம். பிரிட்டன்னா டாப் 40-க்குள்ள வந்தாத்தான் ரேடியோ கவுண்ட்டவுன்ல சொல்லுவாங்க, அதனால 41-லேர்ந்து 75 வரைக்கும் பாருங்க, அஃபிஷியல் சார்ட்ஸ் வெப்சைட்ல வாரா வாரம் இருக்கு.

ஒரு நாடு, ஒரு வருஷம், அவ்வளவுதான் எடுத்துக்கணும். என்னைக் கேட்டா அமெரிக்காவுக்கு 1966, பிரிட்டனுக்கு 1979.

இந்தக் கீழ் வரிசையில யாரெல்லாம் நின்னிருக்காங்கன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். 1963-ல பீட்டில்ஸோட ஃப்ரம் மீ டு யூ பிரிட்டன்ல நம்பர் 1, அதே சிங்கிள் (ஆல்பமா இல்லாம தனியா விக்கிற பாட்டு ரெக்கார்டு) அமெரிக்கால வீ-ஜேங்கிற சின்ன லேபிள்ல, அதாவது ரெக்கார்டு கம்பெனில, வந்து பப்ளிங் அண்டர்ல 116-ஐத் தொட்டுட்டு நின்னுபோச்சு. அதே பாட்டை டெல் ஷானன் பாடினது 77 வரைக்கும் போச்சு! அடுத்த பிப்ரவரியில அதே பீட்டில்ஸ் அமெரிக்கால நம்பர் 1. ஆறு மாசத்துல பசங்க ஒண்ணும் புதுசா பாடக் கத்துக்கல, பின்னாடி பணம் போட்டுத் தள்ளுற பெரிய கம்பெனி வந்துச்சு.

படி 2: பழைய பேப்பரைப் படிக்கப் பழகுங்க

வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரின்னு ஒரு சைட் இருக்கு, பில்போர்டு, கேஷ் பாக்ஸ் மாதிரி பத்திரிகைகளோட பழைய இதழ்களை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா ஃப்ரீயா போட்ருக்காங்க. நீங்க எடுத்த வருஷத்துல ஏதோ ஒரு மாசத்தோட நாலு இதழையும் வரிசையா திறங்க. ஹாட் 100 பக்கத்துல ஒவ்வொரு வரிக்கும் இந்த வார இடம், போன வார இடம், பாட்டு, பாடினவங்க, லேபிள், அந்த ரெக்கார்டோட நம்பர், எத்தனை வாரமா இருக்குன்னு வரும். வேகமா ஏறுற பாட்டுக்கு ஒரு குறி போட்ருப்பாங்க, அதைக் கவனிச்சுக்கோங்க. பப்ளிங் அண்டர் பொதுவா அதே பக்கத்துலயோ பக்கத்துலயே எங்கயாவதோ சின்ன எழுத்துல இருக்கும், ஜூம் பண்ணித்தான் ஆகணும்.

இப்ப பாக்க வேண்டியது இதுதான். ஒரு பாட்டு முதல் வாரம் 128, அப்புறம் 115, அப்புறம் 104னு ஏறுதுன்னு வைங்க, நாலாவது வாரம் ஆளையே காணோம். நூறுக்குள்ள போயிடுச்சான்னு மேல தேடுங்க. அங்கயும் இல்லன்னா அதைக் குறிச்சுக்கோங்க, ஏறிட்டிருந்த பாட்டு திடீர்னு காணாமப் போனா அங்க ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். 130-லயே மூணு வாரம் உக்காந்திருந்துட்டுப் போன பாட்டை விட இது பல மடங்கு சுவாரஸ்யம்.

இன்னொண்ணு, 1991 நவம்பருக்கு முன்னாடி இருக்குற நம்பரை ரொம்ப சீரியஸா எடுத்துக்காதீங்க. அதுக்கப்புறம்தான் கடையில பார்கோடு ஸ்கேன் பண்ணின கணக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி கடைக்காரங்க சொல்றதும் ரேடியோ ஸ்டேஷன் குடுக்குற லிஸ்ட்டும்தான் கணக்கு. அதனால 98-க்கும் 103-க்கும் நடுவுல பெரிய வித்தியாசம்னு நான் நம்பவே மாட்டேன். கேஷ் பாக்ஸ்ல அதே வாரம் அந்தப் பாட்டு எங்க இருக்குன்னு பாத்துட்டா இன்னும் தெளிவாயிடும், அவங்க கணக்கு வேற மாதிரி.

படி 3: ஏன் இடிச்சுச்சுன்னு கண்டுபிடிங்க

இதுலதான் நேரம் செலவழிக்கணும். எனக்குப் பிடிச்ச கேஸ் கர்ஸ்டி மெக்கால்ங்கிற பிரிட்டிஷ் பாடகி. 1979-ல ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ்ல தே டோன்ட் நோன்னு ஒரு சிங்கிள் போட்டாங்க, அறுபதுகளோட கேர்ள் குரூப் ஸ்டைல்ல, குரல் மேல குரலா அடுக்கி வச்ச மூணு நிமிஷப் பாட்டு. ரேடியோல பயங்கரமா ஓடுச்சு, மியூசிக் வீக் பத்திரிகையோட ஏர்பிளே சார்ட்ல, அதாவது ரேடியோல ஓடுறதைக் கணக்கு பண்ற லிஸ்ட்ல, ரெண்டாவது இடம். ஆனா சேல்ஸ் சார்ட்ல பேரே இல்ல. என்னன்னா டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட ஸ்ட்ரைக், ரெக்கார்டு கடைக்கே போய்ச் சேரல, ரேடியோல கேட்டு ஆசைப்பட்டு கடைக்குப் போனவனுக்கு வாங்குறதுக்கு சரக்கு இல்ல. நாலு வருஷம் கழிச்சு ட்ரேசி உல்மன் அதே பாட்டைப் பாடி பிரிட்டன்ல 2, அமெரிக்கால 8. அந்த வெர்ஷன்ல நடுவுல மியூசிக் நின்னு உச்சத்துல ஒரு "பேபி!" வரும் பாருங்க, அந்த நோட்டு உல்மனுக்கு எட்டாததால அங்க வர்ற குரல் கர்ஸ்டியோடதேதான். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, நான் ஒரிஜினல் கட்சி.

சரக்கு கடைக்குப் போகாத இன்னொரு கதை பிக் ஸ்டார். மெம்ஃபிஸ் பேண்ட், 1972-ல முதல் ஆல்பத்துக்கு அவங்க வச்ச பேரே நம்பர் 1 ரெக்கார்ட், விமர்சகர்கள் தலைல தூக்கி வச்சாங்க, ஆனா டிஸ்ட்ரிப்யூட் பண்ண வேண்டிய ஸ்டாக்ஸ் கம்பெனியால கடைகளுக்கு ஒழுங்கா கொண்டுபோக முடியல. 1974-ல ரெண்டாவது ஆல்பம், அதுலதான் செப்டம்பர் கேர்ள்ஸ் இருக்கு. அந்த நேரம் பாத்து ஸ்டாக்ஸுக்கும் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்கும் முட்டிக்கிச்சு, அதுவும் போச்சு. 1986-ல பேங்கிள்ஸ் அதை எடுத்துப் பாடினப்பதான் நெறைய பேருக்கு பாட்டே தெரிஞ்சுது.

ரூல்ல மாட்டினது வேற வகை. 1998 டிசம்பர் வரைக்கும் ஹாட் 100-ல வரணும்னா கடையில சிங்கிளா விக்கணும். ஆல்பம் விக்கட்டுமேன்னு கம்பெனிங்க சிங்கிளே போடாம விட்டாங்க, அதனால நோ டவுட் பேண்டோட டோன்ட் ஸ்பீக் ரேடியோ சார்ட்ல 16 வாரம் நம்பர் 1, ஹாட் 100 சரித்திரத்துல பேரே கெடையாது. அது ஊருக்கே தெரிஞ்ச பாட்டு, அதை விடுங்க, ஆனா அதே வருஷங்கள்ல அதே ரூல்ல மாட்டின சின்ன பாட்டுங்க எத்தனை இருக்கும்? 1996-லேர்ந்து 98 வரைக்கும் ஏர்பிளே சார்ட்டையும் ஹாட் 100-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா கொட்டும்.

ஆளே உள்ள போக முடியாம போனதும் உண்டு. கிங்க்ஸ்ங்கிற பிரிட்டிஷ் பேண்டுக்கு 1965-லேர்ந்து 69 வரைக்கும் அமெரிக்கால டூர் பண்ண அங்க இருக்குற மியூசிஷியன் யூனியன் அனுமதி தரல, அந்த நடுவுலதான் 1967-ல வாட்டர்லூ சன்செட். பிரிட்டன்ல 2, அமெரிக்கால சார்ட்லயே இல்ல.

படி 4: ஊர் ஊரா பாருங்க

அமெரிக்கால அறுபதுகள்ல ஒவ்வொரு ஊர் ரேடியோ ஸ்டேஷனும் சொந்தமா வார லிஸ்ட் அடிச்சு ரெக்கார்டு கடையில வச்சிருக்கும், சிகாகோல டபிள்யூஎல்எஸ், லாஸ் ஏஞ்சல்ஸ்ல கேஎச்ஜே மாதிரி. ஏஆர்எஸ்ஏன்னு ஒரு தளத்துல இந்த லிஸ்ட்டுகளைச் சேர்த்து வச்சிருக்காங்க. பாடினவங்க பேரைப் போட்டா எந்த ஊர்ல எந்தத் தேதியில எந்த இடம்னு வரும். அங்க தெரியும் கூத்து: ஒரு பாட்டு மார்ச்ல ஒரு ஊர்ல டாப் 5, அது அங்க அடங்கின பிறகு மே மாசம் இன்னொரு ஊர்ல டாப் 10, ஜூலைல மூணாவது ஊர். நேஷனல் சார்ட் வாரக் கணக்கு, எல்லா ஊரும் ஒரே வாரத்துல வாங்கினாத்தான் கூட்டுத்தொகை ஏறும், இப்படி தவணை முறையில ஹிட்டானா 110-ஐத் தாண்டாது. தேதி இப்படிச் சிதறிக் கெடந்தா அந்தப் பாட்டை கட்டாயம் கேளுங்க.

சில சமயம் ஒரே ஒரு ஊரே போதுமாயிடும். டாமி ஜேம்ஸும் ஷாண்டெல்ஸும் 1964-ல போட்ட ஹாங்கி பாங்கி அப்பவே செத்துப்போன ரெக்கார்டு, அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க்ல ஒரு டிஜே எடுத்து ஓட்டப்போய் 1966-ல ரூலட் லேபிள் வாங்கி ரிலீஸ் பண்ணி நாட்டுக்கே நம்பர் 1. பேண்டே அதுக்குள்ள கலைஞ்சு போயிருந்துச்சு, புது ஆளுங்களைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு.

படி 5: கடல் தாண்டி ஒரு செக்

ஒரு நாட்டுல கோட்டை விட்ட பாட்டு இன்னொரு நாட்டுல என்னாச்சுன்னு பாக்க ரெண்டு நிமிஷம் போதும். ஐக் அண்ட் டினா டர்னரோட ரிவர் டீப் மவுண்டன் ஹை 1966-ல அமெரிக்கால 88, பிரிட்டன்ல 3. சோஃபி எலிஸ்-பெக்ஸ்டரோட மர்டர் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர் 2001-ல பிரிட்டன்ல 2, ஹாட் 100-க்குள்ள முதல் தடவை நுழைஞ்சது 2024 ஜனவரில, ஒரு படத்தோட கடைசி சீன் புண்ணியத்துல.

படி 6: ரெக்கார்டைத் திருப்பிப் போடுங்க

பி சைடை, அதாவது சிங்கிளோட பின்பக்கப் பாட்டை, மறந்துடாதீங்க. இங்கிலாந்தோட வடக்குப் பக்கம், விகன் கசினோ மாதிரி டான்ஸ் ஹால்கள்ல டிஜேக்கள் எழுபதுகள்ல இதே வேலையைத்தான் பண்ணாங்க, அமெரிக்கால தோத்துப்போன சோல் (கறுப்பின அமெரிக்கர்களோட பாட்டு வகை) சிங்கிள்களா தேடிக் கொண்டுவந்து விடிய விடிய ஓட்டினாங்க, நார்தர்ன் சோல்ங்கிற சமாச்சாரமே அதுதான். குளோரியா ஜோன்ஸ் அறுபதுகள் நடுவுல பாடின டெய்ன்டட் லவ் ஒரு தோத்துப்போன சிங்கிளோட பின்பக்கம், அங்க ஓடி ஓடித்தான் 1981-ல சாஃப்ட் செல் கையில போய் பிரிட்டன்ல நம்பர் 1 ஆச்சு. 1965-ல மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனில ஃபிராங்க் வில்சன் பாடின டூ ஐ லவ் யூ ரிலீசுக்கு முன்னாடியே அழிக்கப்பட்டது, தப்பிச்ச ஒரு காப்பி 2009-ல 25,742 பவுண்டுக்குப் போச்சு. இப்ப நாம அதை ஓசியில ஸ்ட்ரீம் பண்ணிக் கேக்கலாம்.

படி 7: சரியான வெர்ஷனைப் பிடிங்க

புதுசா வர்றவங்க இங்கதான் ஏமாறுவாங்க. அறுபதுகள்ல பாடின நெறைய பேர் எழுபது எண்பதுகள்ல அதே பாட்டுகளைத் திரும்ப ரெக்கார்ட் பண்ணிருக்காங்க, ஸ்ட்ரீமிங்ல "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்"ங்கிற பேர்ல அதுதான் முன்னாடி வந்து நிக்கும். டிரம்ஸ் சத்தம் வருஷத்துக்குப் பொருந்தாம எக்கோவா கேட்டா சந்தேகப்படுங்க. டிஸ்காக்ஸ், 45கேட்ங்கிற ரெக்கார்டு விவர சைட்ல அந்த சிங்கிள் நடுவுல ஒட்டின லேபிளோட போட்டோவைத் திறந்தா பாட்டு எவ்ளோ நேரம்னு அச்சாகியிருக்கும், அதை உங்க ஃபைலோட ஒத்துப் பாருங்க, அஞ்சு பத்து செகண்ட் முன்னப்பின்ன இருக்கலாம். ஆனா அதையும் முழுசா நம்பிட முடியாது: நீளமான பாட்டை ரேடியோ போடாதுன்னு பயந்து தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் 1964-ல யூ'வ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலிங் லேபிள்ல 3:05னு அடிச்சு வச்சாரு, உண்மையில அது 3:45.

படி 8: பிளேலிஸ்ட்ல போடுறதும் கழிக்கிறதும்

ஷீட்ல வருஷம், எந்த சார்ட், எட்டின உச்சம், தவறின காரணம், எந்த வெர்ஷன்னு தனித்தனி கட்டம் போடுங்க. காரணத்துக்கான கட்டம் காலியா இருந்தா அந்தப் பாட்டை பிளேலிஸ்ட்ல சேர்க்காதீங்க, தனி டேப்ல வச்சுட்டு அப்புறம் தோண்டுங்க. காரணம் கெடைச்சும் பாட்டு நல்லால்லன்னா இரக்கமே படாம தூக்கிடுங்க, பாவம் ஸ்ட்ரைக்குல மாட்டிக்கிச்சுன்னு ஒரு மொக்கைப் பாட்டை வச்சுக்க வேண்டியதில்ல. வரிசையில ஆரம்பத்துல ஒரு முப்பது செகண்ட்ல பிடிச்சு இழுக்குற பாட்டா போடுங்க, தி ஒன்லி ஒன்ஸ் பேண்டோட அனதர் கேர்ள் அனதர் பிளானட் இதுக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி, 1978-ல வந்தப்ப சார்ட்டையே எட்டிப் பாக்கல, அந்த கிட்டார் தொடக்கத்தைக் கேட்டுட்டு யாரும் ஸ்கிப் அமுக்க மாட்டாங்க.

இந்த வார பப்ளிங் அண்டர்லேர்ந்து ஆரம்பிக்கலாமான்னு கேக்காதீங்க. இப்பல்லாம் ஒரு பெரிய ஸ்டார் ஆல்பம் விட்டா அதுல இருக்குற மிச்சம் மீதி பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங் கணக்குல அந்த ஒரு வாரம் அங்க வந்து விழும், அடுத்த வாரம் காணாமப் போகும். பழைய வருஷம் ரெண்டு மூணு முடிச்சுட்டு அந்தப் பக்கம் வாங்க.