டெங்கு கார்டைப் படிக்கும்போது நடக்கும் தவறுகள்

"காய்ச்சல் வந்து எத்தனை நாளாச்சு?" ரத்தச் சொட்டு விட்டால் சில நிமிடத்தில் கோடு காட்டும் கார்டில் டெங்கு டெஸ்ட் எடுக்க வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலரும் யோசித்து, "மூணு நாலு நாள் இருக்கும்" என்பார்கள். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் ரிசல்ட்டின் அர்த்தமே மாறிவிடும்.

கார்டுகள் தேடுவது என்.எஸ்.1, ஐஜிஎம் என்ற இரண்டை. என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸ் வெளிவிடும் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் இருக்கும். 5 நாளுக்குப் பிறகு குறைய ஆரம்பிக்கும். ஐஜிஎம் நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம். பெரும்பாலும் 4, 5 நாள் கழித்தே தெரியும். ஏழாம் நாள் என்.எஸ்.1 மட்டும் பார்த்துவிட்டு "டெங்கு இல்லை" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்.எஸ்.1 சிக்காமல் போக இன்னும் வாய்ப்பு அதிகம். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும். அதனால் அது மட்டும் பாசிட்டிவ் என்றால், பழைய டெங்குவாகவும் இருக்கலாம். உறுதிசெய்ய, லேபில் செய்யும் எலைசா டெஸ்ட் இருக்கிறது.

கார்டுக்குள் நடப்பது எளிமையானது. குழியில் விட்ட சொட்டு பட்டையில் ஊறி நகரும். வழியில் காய்ந்திருக்கும் நுண்ணிய தங்கத் துகள்கள் என்.எஸ்.1-ஐப் பிடித்துக்கொண்டு போய் 'டி' (டெஸ்ட்) கோட்டில் மாட்டும். அங்கே சிவப்பு தெரியும். மிச்சத் துகள்கள் 'சி' (கன்ட்ரோல்) கோட்டில் நிற்கும்; கார்டு சரியாக வேலை செய்தது என்பதற்கு அதுதான் அடையாளம். 'சி' வரவில்லையா? 'டி' எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தக் கார்டு செல்லாது, புதுக் கார்டில்தான் பார்க்க வேண்டும்.

'டி' மங்கலாகத் தெரிந்தால்? குறித்த நேரத்துக்குள் வந்த கோடு மங்கலானாலும் பாசிட்டிவ்தான். பல கிட்களில் அது 15 முதல் 20 நிமிடம், கிட்டின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் கோடு மாதிரி ஒரு நிழல் தெரியும். அதைப் படிக்கவே கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டைச் சில்லென்றே பயன்படுத்துவது, ஒரு கிட்டின் பஃபரை (சொட்டோடு சேர்த்து விடும் திரவம்) இன்னொன்றுக்கு ஊற்றுவது, இதெல்லாமும் ரிசல்ட்டைக் கெடுக்கும்.

அப்புறம், கார்டு நெகட்டிவ் என்று காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுவிடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசந்து கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் கார்டில் என்ன வந்தது என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.