மூன்று மணிக்கு முழிப்பு தட்டினால்

எனக்கு 68 வயது. போன வருஷம் தினமும் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு தட்டியது. தூக்கம் போதவில்லையே என்று பயந்து ராத்திரி எட்டரைக்கே படுக்க ஆரம்பித்தேன். தப்பு அங்கேதான். எட்டரையிலிருந்து மூன்று வரை ஆறரை மணி நேரம். நம் வயதுக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் போதும். முக்கால்வாசிக்கு மேல் அப்போதே தூங்கி முடித்திருந்தேன்.

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைகிறது, சின்னச் சத்தத்துக்கும் கண் திறந்துகொள்கிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் முன்னால் ஓடுகிறது. அதைப் பின்னுக்கு இழுக்க வெளிச்சம்தான் வழி. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வெளியே நடங்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளுங்கள். நான் பத்து மணிக்கு வந்து நிறுத்தினேன். மூன்று மணிக்கு முழித்தாலும் பெரிய விளக்கைப் போடாதீர்கள். கடிகாரம் இன்னும் முன்னால் ஓடும். பாத்ரூம் போகும் வழியில், தரையோரமாக ஒரு மங்கல் விளக்கு இருந்தால் போதும், தடுக்கி விழமாட்டோம்.

பாத்ரூம் என்றதும் நினைவு வருகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தோடு கலந்து சிறுநீராகிறது. இப்போது ஐந்து மணிக்குத் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் படுக்கிறேன், தூங்காமல். மூன்று தடவை ஒன்றாகிவிட்டது. ஆனால் கால் வீக்கத்துக்குக் காரணம் இதயமா, சிறுநீரகமா என்று முதலில் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதைக் காலையில் போடலாமா என்றும் கேளுங்கள்.

காபி மதியத்தோடு சரி. பகல் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன்னால். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கண் சொக்கினால் திரும்புங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: டாக்டரைக் கேட்காமல் நீங்களாகக் கடையில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சளி, அலர்ஜி மருந்துகளில் தூக்கம் தருபவையும் நம் வயதில் குழப்பத்தை உண்டாக்கும், விழவைக்கும்.

பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னாலோ, படுத்ததும் காலில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தாலோ, அதை வயதின் மேல் போடாதீர்கள். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவுகூடக் காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.