மரப்பல்லியா, வீட்டுப்பல்லியா? கண்டறியும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சாலை விரிவாக்கத்துக்குத் தப்பி நிற்கும் முதிய புளியமரங்களில் இருட்டிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையோடு பட்டையாக அப்பிக்கிடக்கும் பெரிய பல்லி மரப்பல்லி, ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்டி. சுவரில் 'சிக் சிக்' என்று சத்தமிடும் வீட்டுப்பல்லி ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸ். இரண்டுக்கும் 1836-இல்தான் அறிவியல் பெயர் வந்தது. மரப்பல்லி வீட்டுக்குள்ளும் வரும் என்பதால் குழப்பம் வருகிறது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பல்லி சில நேரம் வெளிறும், சில நேரம் கருக்கும்.

படி 1: வண்டி ஓடும் சாலையை விட்டுவிட்டு ஊருக்குள் உள்ள மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணில் நேராக வெளிச்சம் அடிக்காதீர்கள். அதற்கு இமை கிடையாது, மூட முடியாது. நாக்கால் நக்கித்தான் கண்ணைத் துடைக்கிறது. பகலில் கீற்றாக ஒடுங்கும் பாவை இரவில் அகன்றிருக்கும்.

படி 2: மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை கண்ணால் அளவெடுங்கள். வீட்டுப்பல்லி 5–6 செ.மீ.; வளர்ந்த மரப்பல்லி 8 செ.மீ. அளவுக்கு வரும். மரப்பல்லியின் முதுகில் நெளிநெளியான கரும்பட்டைகள் இருக்கும், சிலவற்றில் மங்கலாக.

படி 3: வால். வீட்டுப்பல்லியின் வாலில் வளையம் வளையமாகச் சிறு முட்கள் உண்டு. அறுந்து முளைத்த வால் வழவழப்பாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

படி 4: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி. ஜன்னல் கண்ணாடியில் பல்லி ஒட்டியிருக்கும்போது மறுபக்கம் போய் அடிவயிற்றைப் பாருங்கள். விரலடியில் இரண்டிரண்டாகப் பிளந்த தகடுகள் தெரியும். அவற்றில் நம் கண்ணுக்கெட்டாத நுண்மயிர்கள் நிறைந்திருக்கின்றன. பசை எதுவுமில்லை; அந்த மயிர் நுனிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூலக்கூறுகள் ஈர்ப்பதால்தான் பிடிப்பு. வீட்டுப்பல்லியின் உள்விரல் மற்றவற்றைவிட நன்றாகக் குட்டையாக இருக்கும். ஆண் என்றால் தொடையடியில் துளைகள் வரிசையாக இருக்கும். வீட்டுப்பல்லியில் அந்த வரிசை ஒரு தொடையிலிருந்து மறு தொடைவரை இடைவிடாமல் ஓடும். மரப்பல்லியில் நடுவே விட்டுப்போயிருக்கும்.

பார்த்ததைப் படமெடுங்கள், பிடிக்காதீர்கள். நமக்கு விஷம் என்ற பயம் தேவையில்லை, இவற்றுக்கு விஷமே கிடையாது. ஆனால் பயத்தில் வாலை உதறிவிட்டால், அதில் சேமித்த கொழுப்பும் போய்விடும்.