காலியிடம் கூடினால் ஹைட்ரஜன் கூடுமா?

சூரிய ஒளியால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆய்வில் இறங்கும் பலரும் முதலில் கைவைப்பது ஆக்சிஜன் காலியிடங்களில்தான். ஒளி வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடை ஹைட்ரஜனில் சூடாக்கினால் சில ஆக்சிஜன் அணுக்கள் வெளியேறும்; படிகத்தில் அவை விட்டுச்செல்லும் வெற்றிடமே காலியிடம். வெள்ளைத் தூள் நீலமாகும், சாம்பலாகும், கறுக்கும். 2011-இல் இப்படிக் கறுத்த டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது கறுப்பு டைட்டானியா, வந்த பிறகு அந்த நிறத்தின் மீதே ஒரு மோகம். கறுத்தால் கூடுதல் ஒளியை உறிஞ்சும், சரி. உறிஞ்சியதெல்லாம் வேலைக்கு வரும் என்று நம்புவதுதான் தவறு. ஒளியை உறிஞ்சியதும் ஓர் எலக்ட்ரான் ஆற்றல் இடைவெளியைத் தாண்டி மேலேறும்; அது விட்ட இடம் நேர்மின் துளை. அந்த இடைவெளியின் ஆழத்தில் உள்ள குறைபாட்டு நிலைகளில் எலக்ட்ரானும் துளையும் சேர்ந்துவிட்டால் மிஞ்சுவது வெப்பம். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஹைட்ரஜன் வருகிறது என்று அளந்து, உறிஞ்சல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

காலியிடம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பரப்பில் இருந்தால் நீர் மூலக்கூறு ஒட்ட உதவலாம்; உள்ளே புதைந்தால் பெரும்பாலும் எலக்ட்ரானையும் துளையையும் பிடித்துவைக்கும் பொறி. கடுமையாக, நெடுநேரம் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகும். குறைபாட்டைக் குறைத்தும் சாதிக்கலாம்: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற இன்னொரு ஒளி வினையூக்கியில் அலுமினியம் சேர்த்து, குறைபாடாக அமையும் மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட டைட்டானியத்தைக் குறைத்து, வினைக்குத் துணைபுரியும் இணை வினையூக்கிகளைப் படிகத்தின் வெவ்வேறு முகங்களில் பிரித்துப் படியவைத்த ஜப்பானிய ஆய்வாளர்கள், 2020-இல் சுமார் 96 விழுக்காடு குவாண்டம் திறனை, அதாவது படும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கை, காட்டினார்கள். அது 350 முதல் 360 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியில் மட்டும். முழுச் சூரிய ஒளிக்கான திறனோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது வேறொன்று. எக்ஸ் கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்பிஎஸ் வரைபடத்தில் 531 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும் ஆக்சிஜன் முகட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘காலியிடம்’ என்று பெயர் சூட்டுகிறார்கள். இல்லாத அணு எப்படி எலக்ட்ரானை உமிழும்? அது பெரும்பாலும் ஹைட்ராக்சில், ஒட்டிய நீர், கார்பனேட் போன்றவற்றின் அடையாளம். காலியிடம் உண்டு என்று சொல்ல இணையற்ற எலக்ட்ரான்களைக் கண்டறியும் இபிஆர் போன்ற இன்னொரு சான்றும் வேண்டும். அதையும் வினைக்கு முன் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் போதாது. காற்றும் நீரும் பட்டுப் பரப்புக் காலியிடங்கள் நிரம்பிவிடலாம்.

மெத்தனால் ஊற்றிப் பெற்ற ஹைட்ரஜனை ‘நீர் பிளப்பு’ என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. அங்கே துளைகள் மெத்தனாலைத்தான் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் கடினமான பாதி வேலை நடக்கவே இல்லை. தூய நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 என்ற விகிதத்தில் வர வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் வினையூக்கியே அரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஆக்சிஜனோடு நைட்ரஜனும் ஏறினால் கலனுக்குள் காற்று கசிகிறது. அதை அடைத்த பிறகே அடுத்த அளவீடு.